டீசல் ஏறினால் லோரி பில் எவ்வளவு ஏற வேண்டும்? பினாங்கில் மசாலா, மாவு, பருப்பு சப்ளை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் பட்டர்வொர்த்தில் மசாலா மூலப்பொருள் சப்ளை செய்கிறேன். வரமிளகாய், மல்லி, சீரகம், கடலை மாவு, உளுந்து. வாங்குகிறவர்கள் வீட்டிலேயே முறுக்கு சுடுகிறவர்கள், ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடைக்காரர்கள், புக்கிட் மெர்தாஜாமில் இரண்டு சிறிய சாஸ் தொழிற்சாலைகள். சரக்கில் பாதி கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து லோரியில் என் கிடங்கு இருக்கும் பிறைக்கு வருகிறது.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் ஏறியது. அந்த வாரமே எனக்கு லோரி ஓட்டும் நிறுவனத்திடமிருந்து வாட்சப்பில் இரண்டு வரி வந்தது. டீசல் ஏறிவிட்டது, இனி எல்லா பில்லிலும் 15 விழுக்காடு சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம். பம்ப்பில் பார்த்த விலை கண்ணிலேயே நின்றதால் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்று பதில் போட்டேன். ஒன்பது மாதம் கட்டினேன். அந்த ஆண்டு முடிவதற்குள் பம்ப் விலை 3 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. என் 15 விழுக்காடு மட்டும் இறங்கவே இல்லை. வாரம் ஒரு லோரி, 39 வாரம், மொத்தம் 7,254 ரிங்கிட். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அதில் பெரும்பகுதியை நான் கட்டியிருக்கவே வேண்டாம் என்று தெரிந்தது.

சின்ன சப்ளையருக்கு அது சின்னத் தொகை இல்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். கால்குலேட்டரையும் கடைசி மூன்று லோரி பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த டீசல் விலை என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

தீபகற்பத்தில் பம்ப் விலை வாரக் கணக்கில் போகிறது. புதன்கிழமை அறிவிப்பு வரும், வியாழன் முதல் அடுத்த புதன் வரை அந்த விலை நிற்கும். நான் புதன் இரவு ஒரு நோட்டில் தேதியையும் விலையையும் எழுதிவிடுகிறேன். அறிவிப்பின் படத்தையும் போனில் ஒரு தனிக் கோப்பில் போட்டுவைக்கிறேன். மாதக் கடைசியில் நாலைந்து விலையைக் கூட்டி வகுத்தால் மாத சராசரி கிடைக்கும். சர்சார்ஜ் பேச்சில் இந்த நோட்டைவிட உதவிய ஆவணம் எனக்கு வேறு எதுவும் இல்லை.

இங்கே இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். பம்ப்பில் யூரோ 5 பி10, யூரோ 5 பி7 என்று இரண்டு வகை டீசல் உண்டு. பி7 லிட்டருக்கு 20 சென் அதிகம். ஒப்பந்தத்தில் வெறுமனே 'டீசல் விலை' என்று இருந்தால், ஏறும்போது பி7 விலையைக் காட்டுவார்கள், ஒப்பிடும்போது பழைய பி10 விலையைக் காட்டுவார்கள். அதனால் பி10 என்றே எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, சபா, சரவாக், லாபுவானுக்கு 2024-இல் அந்த ஏற்றம் வரவில்லை, அங்கே 2.15 ரிங்கிட்டே தொடர்ந்தது. கூச்சிங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ சரக்கு அனுப்பினால், அங்கே துறைமுகத்திலிருந்து கடைவரை போகும் லோரிக்குத் தீபகற்பத்து சர்சார்ஜைப் போடவிடாதீர்கள்.

2. உங்கள் லோரிக்காரர் என்ன விலைக்கு ஊற்றுகிறார் என்று கேளுங்கள்

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

ஒருநாள் காலை ஆறரை மணி, பிறையில் என் கிடங்கு வாசல். லோரி பின்வாங்கி நின்றது. மிளகாய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் தும்மல். ஓட்டுநர் அண்ணனுக்குத் தேத்தாரே கொடுத்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "அண்ணே, இந்த வாரம் டீசல் எவ்வளவு போட்டீங்க?" அவர் முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து, ரப்பர் பேண்ட் சுற்றிய ரசீதுக் கட்டையும் அதோடு ஒரு அட்டையையும் எடுத்தார். "பம்ப் விலை ஏறினா இறங்கினா நமக்கென்னம்மா? கார்டுல எப்பவும் ரெண்டு பதினஞ்சுதான்." மேலே இருந்த ரசீதைப் பார்த்தேன். அச்சு மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. லிட்டருக்கு 2.15.

2024-இல் பம்ப் விலையை ஏற்றியபோதே அரசாங்கம் சரக்கு வாகனங்களுக்குத் தனியாக ஒரு மானியத் திட்டத்தை வைத்திருந்தது. எஸ்கேடிஎஸ் 2.0 என்பார்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் வருகிறது. தகுதியுள்ள லோரிக்கு ஃப்லீட் கார்டு, அதாவது மானிய விலையில் டீசல் ஊற்றும் அட்டை, கிடைக்கும், அந்தக் கார்டில் லிட்டர் 2.15 ரிங்கிட். உணவுப் பொருள் ஏற்றும் லோரிக்கு டீசல் ஏறினால் சாப்பாட்டு விலையும் ஏறும் என்பதால்தான் இப்படி ஒரு ஏற்பாடு. அந்தச் சலுகை லோரி நிறுவனத்தோடு நின்றுவிட்டு, சர்சார்ஜ் மட்டும் நமக்கு வந்தால் அது நியாயமே இல்லை. இதை நான் எந்த லோரி முதலாளியிடமும் நேருக்கு நேர் சொல்வேன்.

ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் கேளுங்கள். கார்டில் வாகன வகைக்கு ஏற்ப மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒதுக்கீடு உண்டு. அது தீர்ந்தால் பம்ப் விலைதான். அதனால் இந்த மூன்றையும் கேளுங்கள். உங்கள் சரக்கை ஏற்றும் லோரிக்குக் கார்டு இருக்கிறதா? கார்டு விலை இன்று என்ன? மாதத்தில் எத்தனை விழுக்காடு டீசல் கார்டுக்கு வெளியே போடுகிறார்கள்?

பதில் கிடைத்தால் கலப்பு விலை போடலாம். 80 விழுக்காடு கார்டில் 2.15, 20 விழுக்காடு பம்ப்பில் 2.95 என்று வைப்போம். 1.72 கூட்டல் 0.59, ஆக 2.31 ரிங்கிட். பழைய 2.15-ஐவிட 16 சென்தான் கூடுதல். பம்ப் பலகையைப் பார்த்தால் 80 சென் கூடுதல் போலத் தெரியும். சர்சார்ஜ் பேச வேண்டியது அந்த 16 சென்னை வைத்துத்தான்.

சொந்த லோரி வைத்திருந்தால் இந்தக் கார்டுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு, நிறுவனத்தின் பெயரில் வாகன கிராண்ட் (உரிமைப் பத்திரம்), செல்லுபடியாகும் சாலை வரி, சரக்கு வாகன உரிமம், இவற்றை முதலிலேயே சேர்த்து வையுங்கள். முதலில் அமைச்சின் இணையவாசலில் ஒப்புதல், அப்புறம்தான் எண்ணெய் நிறுவனத்தில் கார்டு. வாகனம் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் அங்கேயே சிக்கும், அதனால் பெயரை முன்கூட்டியே சரிபாருங்கள்.

3. ஒரு பயணத்துக்கு எத்தனை லிட்டர் என்று போடுங்கள்

விழுக்காட்டில் பேசினால் நாம் தோற்றுவிடுவோம். லிட்டரில் பேசுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் சுமார் 350 கிலோமீட்டர். பத்து டன் ஏற்றும் லோரி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடுகிறது என்று என் ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். 350-ஐ 3.5-ஆல் வகுத்தால் 100 லிட்டர். அவ்வளவுதான். டீசல் 10 சென் ஏறினால் இந்தப் பாதையில் ஒரு பயணத்துக்கு 10 ரிங்கிட் கூடும், 10 சென் இறங்கினால் 10 ரிங்கிட் குறையும். '10 சென்னுக்கு 10 ரிங்கிட்' என்று என் கிடங்குச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதை வைத்து 2024 ஜூன் மாற்றத்தைப் பாருங்கள். 2.15-லிருந்து 3.35, ஆக 1.20 ரிங்கிட் ஏற்றம். ஒருவர் கார்டே இல்லாமல் முழுக்கப் பம்ப் விலைக்கு ஊற்றினாலும், 100 லிட்டருக்கு 120 ரிங்கிட். என் பயண வாடகை 1,100 ரிங்கிட். 120 என்பது அதில் 11 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. விலை உச்சத்தில் இருந்தபோது, கார்டு இல்லாதவருக்கே, ஒருவழிப் பயணத்துக்கு அதுதான் நியாயமான அதிகபட்சம். என்னிடம் 15 கேட்டார்கள், நானும் கொடுத்தேன்.

'டீசல் 56 விழுக்காடு ஏறிவிட்டது, நான் 20 விழுக்காடுதான் கேட்கிறேன், பாதிகூட இல்லை' என்று ஒருவர் சொன்னால் கேட்க இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் 1,100 ரிங்கிட் வாடகையில் பழைய டீசல் செலவு 215 ரிங்கிட்தான், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் ஓட்டுநர் சம்பளம், டயர், லோரித் தவணை, காப்புறுதி, லாபம். பம்ப்பில் டீசல் ஏறியதால் அவை எதுவும் அன்றைக்கே ஏறவில்லை.

திரும்பும் பயணத்தைப் பற்றியும் கேளுங்கள். லோரி பினாங்கிலிருந்து காலியாகத் திரும்பினால் 200 லிட்டர் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் பிறையிலோ சிம்பாங் அம்பாட்டிலோ வேறு சரக்கு ஏற்றிக்கொண்டுதான் திரும்புவார்கள். அப்படியென்றால் அந்த 100 லிட்டருக்கு வேறொருவர் காசு கொடுத்துவிட்டார். இரண்டு பேரிடமும் வாங்கக் கூடாது.

உள்ளூர் விநியோகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் சின்னது. மூன்று டன் லோரி, தீவுக்குள்ளும் பெருநிலத்திலுமாக நாளுக்கு 80 கிலோமீட்டர், லிட்டருக்கு 6 கிலோமீட்டர். 13 லிட்டர் சொச்சம். டீசல் 1.20 ஏறினாலும் நாள் முழுவதற்கும் 16 ரிங்கிட். 12 கடையில் இறக்கினால் ஒரு கடைக்கு 1.33 ரிங்கிட். கடைக்கு 5 ரிங்கிட் சர்சார்ஜ் கேட்பவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். கோபப்படாமல் காட்டினால் போதும், அவர்களே குறைப்பார்கள்.

4. அப்புறம் அதைக் கிலோவுக்கு மாற்றுங்கள்

நம் பொருளை ரிங்கிட் கணக்கில் விற்பது கிலோவுக்குத்தான். அந்த 120 ரிங்கிட்டைப் பத்தாயிரம் கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 1.2 சென். அதே லோரியில் நாலாயிரம் கிலோ மட்டும் ஏற்றினால் 3 சென். டீசல் விலையைவிட லோரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் உங்கள் செலவை அதிகம் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வாரம் ஒரு அரைலோரியை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முழுலோரிக்கு மாறினேன். சர்சார்ஜ் பேரத்தில் மிச்சம் பிடித்ததைவிட இதில் மிச்சம் அதிகம்.

மிளகாய்த்தூள், ஏலக்காய் மாதிரி கிலோ விலை அதிகமான பொருளில் 3 சென் தெரியாது. கடலை மாவு, உப்பு, அரிசி மாவில் தெரியும், ஏனென்றால் நம் லாபமே அங்கே சில சென்தான். அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே விழுக்காட்டில் விலையை ஏற்றாதீர்கள்.

பகிர்வு லோரியில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரமிளகாய், அப்பளம், பிரிஞ்சி இலை எல்லாம் எடையில் குறைவு, இடத்தில் அதிகம். லோரிக்காரர் கன அளவை எடையாக மாற்றி வாடகை போடுவார். ஒரு கனமீட்டரை எத்தனை கிலோவாகக் கணக்கிடுகிறார் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சர்சார்ஜ் விழுக்காட்டில் இருந்தால் அது அந்தப் பெரிய எண்ணின் மேல்தான் ஏறும். மூட்டையை அழுத்திக் கட்டச் சொல்லி, பலகையில் அடுக்கி உயரத்தை அளந்து அனுப்புங்கள். அளந்த படத்தையும் டிஓ-வோடு (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) சேர்த்து வையுங்கள்.

5. கொட்டேஷனில் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாட்சப்பில் வந்த இரண்டு வரிக்கு நான் போட்ட ஒற்றை 'சரி'தான் ஒன்பது மாதம் என் கையைக் கட்டிப்போட்டது. நீங்கள் முதல் லோரிக்கு முன்பே கொட்டேஷனில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். நான் இப்போது பயன்படுத்துவது இதுதான், உங்கள் பாதைக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்:

'அடிப்படை டீசல் விலை லிட்டருக்கு 2.95 ரிங்கிட், தீபகற்பம், யூரோ 5 பி10. கார்டு விலையில் ஊற்றும் லோரியாக இருந்தால் அடிப்படை விலைக்கும் மாத சராசரிக்கும் கார்டு விலையே கணக்கு. முந்தைய மாதத்தின் சராசரி விலை அடிப்படையைவிட முழு 10 சென் ஏறும்போதெல்லாம் கோலாலம்பூர் பட்டர்வொர்த் பயணத்துக்கு 10 ரிங்கிட் கூடும். முழு 10 சென் இறங்கும்போதெல்லாம் 10 ரிங்கிட் குறையும். சர்சார்ஜ் வாடகைக்கு மட்டும்; டோல், ஏற்றிறக்கு கூலி, காத்திருப்புக் கட்டணம் இதில் சேராது. பில்லில் தனி வரிசையாகக் காட்டப்படும்.'

இதில் 'குறையும்' என்ற சொல்லுக்குத்தான் அதிகம் போராட வேண்டியிருக்கும். ஏற்றத்துக்கு மட்டும் விதி எழுதி, இறக்கத்துக்கு 'பேசிக்கொள்ளலாம்' என்று விடுவார்கள். விடாதீர்கள்.

வாரா வாரம் மாற்ற வேண்டாம், மாத சராசரியே நல்லது. வாரம் மாறினால் யார் எந்த பில்லில் எந்த விலை போட்டார்கள் என்று உங்கள் கணக்கருக்கும் தெரியாது, அவர்கள் கணக்கருக்கும் தெரியாது. 10 சென் படியும் அதற்குத்தான். இரண்டு மூன்று சென் அசைவுக்கெல்லாம் யாரும் போன் எடுக்க வேண்டியிருக்காது.

வரியையும் கேளுங்கள். 2024 மார்ச் 1 முதல் தளவாடச் சேவைகள் 6 விழுக்காடு சேவை வரிக்குள் வந்தன. சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்று எழுத்தில் வாங்குங்கள். வரி போடுகிறவர் என்றால் சேவை வரிப் பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். முழு ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டால் முத்திரை வரிக்கு 30 நாள் கெடு இருக்கிறது, தள்ளிப்போட்டால் தண்டம் வரும்.

பேச்சுவார்த்தைக்கு எனக்கு மொத்தம் மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் கணக்காளரோடு, அடுத்த வாரம் மேலாளரோடு, மூன்றாம் வாரம் கையெழுத்து. பழைய ஒன்பது மாதப் பணத்தில் கடைசி மூன்று மாதத்துக்கு மட்டும் கிரெடிட் நோட் (கூடுதலாக வாங்கியதைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) கொடுத்தார்கள். எழுத்தில் விதி இல்லாததால் அதற்குமேல் கேட்க எனக்குப் பிடி இல்லை.

6. பில் வந்ததும் பார்க்க வேண்டியது

முதல் பார்வை, சர்சார்ஜ் எதன் மேல் போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கட்டும். என் பழைய பில்லில் வாடகை 1,100, டோல் 90, கூலி 50, மொத்தம் 1,240. அதன் மேல் 15 விழுக்காடு, 186 ரிங்கிட். டோலுக்கு எதற்கு டீசல் சர்சார்ஜ்? நானும் அதை ஒன்பது மாதம் கேட்கவில்லை. பினாங்குப் பாலத்துக்குப் போனால் இன்னொன்றையும் பாருங்கள். தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பும்போது இல்லை. இரண்டு முறை போட்டிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, டீசல் அல்லாததை டீசல் பெயரில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட் ஆனது. கிள்ளான் துறைமுகக் கட்டணம் 2025 ஜூலை 15 முதல் கட்டம் கட்டமாக ஏற ஆரம்பித்தது. இரண்டும் உண்மையான செலவு, லோரிக்காரர் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அவை வாடகைத் திருத்தமாகவோ துறைமுகக் கட்டணமாகவோ தனியாக வர வேண்டும். டீசல் சர்சார்ஜுக்குள் ஒளிந்துகொண்டால், டீசல் இறங்கும்போதும் அவை இறங்காது, ஏன் இறங்கவில்லை என்றும் உங்களுக்குப் புரியாது.

கப்பல் பில்லில் வரும் பங்கர் (கப்பல் எண்ணெய்) கட்டணம் வேறு விஷயம். தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் கொள்கலனுக்குக் கப்பல் நிறுவனம் பிஏஎஃப் என்று டாலரில் ஒரு தொகை போடும். அது கப்பல் எண்ணெயின் உலக விலையைப் பார்த்துப் போகிறது. நம் பம்ப் விலைக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. நம்மூர் டீசல் இறங்கியது என்று அங்கே வாதாடினால் நேரம்தான் வீண். ஆனால் துறைமுகத்திலிருந்து கிடங்குவரை கொள்கலனை இழுத்துவரும் வாடகை லோரிக் கணக்கு, அதற்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தும்.

சின்ன வேன்களைக் கவனியுங்கள். ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள் போகிற வேன்களில் பல பெட்ரோலில் ஓடுகின்றன. பெட்ரோல் வேனுக்கு டீசல் சர்சார்ஜ் போட்ட பில் எனக்கே வந்திருக்கிறது. வண்டி எண்ணைக் குறித்துவைத்து, எந்த எரிபொருள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குளிர்சாதன லோரி வைப்பவர்களுக்கு, தேங்காய்ப் பால், பனீர், கறிவேப்பிலை அனுப்புகிறவர்களுக்கு, ஒரு தனிச் செலவு உண்டு. குளிரூட்டி வண்டி நின்றிருக்கும்போதும் டீசல் குடிக்கும். அதனால் உங்கள் வாசலில் லோரி இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அதன் டீசல் உங்கள் தலையில்தான். அங்கே சர்சார்ஜ் விதியைத் திருத்துவதைவிட இறக்குகிற ஆளை முன்கூட்டியே வரச்சொல்வது லாபம்.

தவறு கண்டால் வாய்வழியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சலில் பில் எண், சரியான கணக்கு, வித்தியாசத் தொகை, மூன்று வரி போதும். கிரெடிட் நோட் கேளுங்கள். அவர்கள் இ-இன்வாய்ஸ் (மின்-பில்) முறைக்குள் வந்துவிட்டவர்கள் என்றால் கிரெடிட் நோட்டும் அதே முறையில்தான் வர வேண்டும். அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறேன் என்ற பேச்சு ஆண்டுக் கணக்கில் உங்களுக்குத் தலைவலி.

7. உங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கும்போது

இப்போது நீங்கள் மறுபக்கம் நிற்கிறீர்கள். லோரிக்காரரிடம் கேட்ட நியாயத்தை முறுக்கு சுடும் அக்காவுக்கும் கொடுக்க வேண்டும்.

நான் கிலோ விலையில் சர்சார்ஜைக் கரைப்பதில்லை. பில்லில் விநியோகக் கட்டணம் என்று தனி வரிசை, அதற்குக் கீழே இந்த மாத டீசல் சராசரி. ஏற்றம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு, இறக்கம் என்றால் அடுத்த பில்லிலேயே. ஏற்றும்போது முணுமுணுத்தவர்கள்கூட ஒருமுறை இறக்கிக் காட்டியதும் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

சட்டப்படி கவனிக்க வேண்டியது மூன்று. விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் 2011-இன் கீழ் அமலாக்க அதிகாரிகள் வந்து ஏன் விலை ஏற்றினீர்கள் என்று கேட்கலாம். அப்போது லோரி பில், புதன்கிழமை நோட், நீங்கள் போட்ட கிலோக் கணக்கு, மூன்றும் கையில் இருக்க வேண்டும். 3 சென் செலவு ஏறியதற்கு 50 சென் விலை ஏற்றியவருக்குக் காட்ட எதுவும் இருக்காது.

அடுத்தது, பெருநாள் காலம். தீபாவளியை ஒட்டிச் சில உணவுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பொருள் இருந்தால், டீசல் எவ்வளவு ஏறியிருந்தாலும் உச்சவரம்பைத் தாண்ட முடியாது. விநியோகக் கட்டணம் என்று வெளியே போட்டுத் தாண்டப் பார்ப்பதும் வம்பு. அதனால் அந்த மாதத்துக்கான சரக்கை முந்தைய மாதமே முழுலோரியில் இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, சக சப்ளையர்களோடு உட்கார்ந்து 'எல்லாரும் கிலோவுக்கு 10 சென் சர்சார்ஜ் போடுவோம்' என்று பேசாதீர்கள். தேநீர்ப் பேச்சாகத்தான் ஆரம்பிக்கும். போட்டிச் சட்டம் 2010 அதை விலை நிர்ணயக் கூட்டாகப் பார்க்கும், சங்கத்தின் பெயரில் செய்தாலும் அதே. பினாங்கிலேயே 2016-இல் கொள்கலன் டிப்போக் கட்டணம் ஒன்றை ஒரே மாதிரி ஏற்றியதற்காகப் பல நிறுவனங்களுக்கு போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. வாட்சப் குழுவில் இந்தப் பேச்சு வந்தால் நான் 'என் விலையை நானே போட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிவிடுகிறேன். அந்த வரி அங்கே பதிவாகி இருப்பது நல்லது.

8. எந்த நாளில் எதைச் செய்வது

புதன் இரவு விலையை எழுதுங்கள். மாதத்தின் முதல் வேலைநாளில் சராசரியைப் போட்டு லோரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் உங்களுக்கு அனுப்பும் வரை காத்திருக்காதீர்கள், முதலில் எண்ணைச் சொல்கிறவர் கணக்கில்தான் பேச்சு நடக்கும். ஐந்தாம் தேதிக்குள் போன மாத பில்களைச் சரிபார்த்து முடியுங்கள். ரசீது அச்சு மங்குவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் நாட்களில் கனரக வாகனங்களுக்குச் சாலைத் தடை வரும். அதற்கு முந்தைய வாரம் எல்லாரும் லோரி தேடுவார்கள், வாடகை தானாக ஏறும். அந்த ஏற்றத்துக்கும் டீசல் சர்சார்ஜ் என்று பெயர் வைப்பார்கள். மூன்று வாரம் முன்பே பதிவு செய்துவிட்டால் அந்தப் பேச்சே வராது.

ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படை விலையைப் புதுப்பியுங்கள். டீசல் அமைதியாக இருக்கும் மாதத்தில் பேசுவது நல்லது. பம்ப் விலை துள்ளும் வாரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பயத்தில் எண் சொல்லும். போகும்போது இரண்டு தாள் போதும்: பன்னிரண்டு மாத சராசரி ஒரு தாளில், லிட்டர் கணக்கு இன்னொரு தாளில். ஓட்டுநர் அண்ணனிடம் இப்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அதற்கு முந்தைய வாரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லோரி பழசாகப் பழசாக அந்த எண் மாறும்.